ஏழை உழவரின் தோழர் ரைபைசன்

வள்ளுவப் பெருந்தகை இல்லறவியலில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து ஈகை என ஓர் அதிகாரமும் வகுத்துள்ளார். இரண்டும் பிறர்க்கு உதவுவதைப் பற்றியனவே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்று கண்டே அவற்றைத் தனித்தனியே வைத்தார் போலும். இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரில் வாழும் ஒருவன் ஊரோடு ஒத்து நடந்து, தன் பொருளும் உழைப்பும் ஊருக்குப் பயன்படுமாறு வாழ்வது ஒப்புரவு. ஈகையில் கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் மற்றொருவர். ஒப்புரவிலோ எல்லோரும் ஓர் ஊரார்.

இந்த வேறுபாட்டை ஏட்டில் படிக்காமல், வாழ்க்கையில் பல முறை முயன்று, பல முறை இடறி, கண்டறிந்த ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்தார். அவர் பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன். கூட்டுறவுக் கடன் சங்கங்களின் தந்தை என்று உலகம் அவரைப் போற்றுகின்றது. மாதந்தோறும் சங்கத்துக்குச் சந்தா செலுத்தியும், மகள் திருமணத்துக்கோ மகன் படிப்புக்கோ சங்கத்தில் கடன் பெற்றும் வாழும் நம்மவர் பலர், அம்முறைக்கு வித்திட்டவரின் வரலாற்றை அறியார். அதனைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் இளமையும்

ரைன் ஆற்றுக்குக் கிழக்கே வெஸ்டர்வால்ட் என்னும் மேட்டுநிலப் பகுதி உள்ளது. குளிர் மிகுந்தது; மண் வளம் குறைந்தது. அப்பகுதியில், சீக் ஆற்றங்கரையில் அமைந்த ஹம் என்னும் சிற்றூரில், 1818ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் ரைபைசன் பிறந்தார். உடன் பிறந்தோர் ஒன்பதின்மருள் இவர் ஏழாமவர். தந்தையார் ஒரு காலத்தில் அவ்வூரின் தலைவராக இருந்தவர். ஆனால் நோயுற்றுக் குடும்பத்தைத் தாங்க இயலாதவரானார். எனவே, இத்தனை மக்களையும் வளர்த்து ஆளாக்கும் பாரம் தாயார் அமாலியா அம்மையாரின் தோள்மேல் விழுந்தது. அம்மையார் இறைப்பற்று மிக்கவர். வறுமையிலும் நேர்மை பிறழாமல் வாழும் நெறியை மகன் அவரிடமே கற்றான்.

உயர்கல்விக்குப் பொருள் இல்லை. ஊர்ப் பள்ளிப் படிப்போடு ரைபைசனின் பள்ளி வாழ்க்கை முடிந்தது. உறவினராகிய சைப்பெல் என்னும் பாதிரியார் இளைஞனின் அறிவைக் கண்டு தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். பெரிய கல்லூரிகளின் வாயிலை மிதியாத ரைபைசனுக்கு இப்பாதிரியாரின் வீடே கல்லூரியாயிற்று. விவிலிய நூலை நாள்தோறும் ஓதுவதும், பசித்தவனுக்கு உணவளிப்பது இறைவனுக்கே அளிப்பது என்னும் நம்பிக்கையும் அவருள் வேரூன்றியது அங்கேதான்.

பதினேழாம் வயதில் அவர் பிரஷ்ய அரசின் பீரங்கிப் படையில் சேர்ந்தார். முயற்சியால் உயர்ந்து, படைக்கருவிகள் வார்க்கும் சைன் இரும்பாலையில் மேற்பார்வைப் பணி பெற்றார். அதிகாரியாகும் நிலை கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது கண்ணில் நோய் தோன்றியது. 1843ஆம் ஆண்டு படையிலிருந்து விலக நேர்ந்தது. தம் வாழ்க்கை பாழாயிற்று என்றே இருபத்தைந்து வயது இளைஞர் எவரும் எண்ணியிருப்பார். ஆனால் அந்தக் கண்நோய் அவரை எழுத்துப் பணிக்குத் திருப்பியது. எழுத்துப் பணி அவரை ஏழை உழவரிடம் கொண்டு சேர்த்தது. கோப்லென்ஸ் நகரிலும் மாயென் நகரிலும் அரசு அலுவலகங்களில் பணியாற்றிய பின், 1845ஆம் ஆண்டு வையர்புஷ் வட்டாரத்தின் தலைவராக அமர்த்தப்பெற்றார். அதே ஆண்டில் மருந்து வணிகர் ஒருவரின் மகளான எமிலி அம்மையாரை மணந்தார்.

இத்தலைவர் பதவி தேர்தலால் வருவதன்று, அரசு அமர்த்துவது. நம் நாட்டுப் பழைய தாசில்தாரின் கடமையும் மணியக்காரரின் கடமையும் சேர்ந்தது எனலாம். அவர் பொறுப்பில் இருபதுக்கு மேற்பட்ட சிற்றூர்கள் இருந்தன. அப்போது அவருக்கு வயது 27.

பசி வந்த ஆண்டு

பதவியேற்ற மறு ஆண்டே பெரும் சோதனை வந்தது. ஐரோப்பாவெங்கும் உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்திருந்தது. 1846ஆம் ஆண்டு தானிய விளைச்சலும் பொய்த்தது. வெஸ்டர்வால்ட் மக்களுக்கு உருளைக்கிழங்கும் ரொட்டியுமே உணவு. இரண்டும் இல்லாமற்போகவே, 1846–47 குளிர்காலத்தில் ஊர்தோறும் பட்டினி புகுந்தது. கையில் தானியம் வைத்திருந்த வணிகர்கள் விலையை ஏற்றினர். விதைக்கு வைத்திருந்ததையும் தின்று தீர்த்த குடும்பங்கள், அடுத்த ஆண்டு விதைப்புக்கு என்ன செய்வது என்று கலங்கின.

அரசு பஞ்ச நிவாரணமாக மாவு அனுப்பியது. கூடவே ஓர் உத்தரவும் வந்தது. ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே மாவு வழங்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. ரொக்கம் வைத்திருப்பவன் எதற்காகப் பஞ்ச மாவை நாடி வரப்போகிறான்? உத்தரவைக் காத்தால் மக்கள் மடிவர். மக்களைக் காத்தால் உத்தரவு மீறப்படும். அலுவலகத்தில் பணிபுரிந்து பழகியவர்கள், மேலிடத்து உத்தரவை மீறுவது எத்துணைத் துணிவு வேண்டும் செயல் என்பதை உணர்வார்கள். புதிதாக மணமாகிய, செல்வம் ஏதுமற்ற அந்த இளம் அதிகாரி, விளைவு வருவது வரட்டும் என்று பொறுப்பைத் தாமே ஏற்று, கடன் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மாவைப் பசித்தவர்களுக்குக் கொடுத்தார்.

அத்துடன் நில்லாமல் வட்டாரத்தில் வசதி படைத்தவர்களை அழைத்தார். அவர்கள் மனத்தில் உறைக்குமாறு பேசி, ஒரு பொது நிதிக்குப் பணம் கொடுக்கச் செய்தார். அந்நிதியைக் கொண்டு வெளியூர்களில் தானியம் வாங்கப்பட்டது. ஊர்ப் பொதுவில் ஓர் அடுமனை கட்டப்பட்டது. அங்குச் சுட்ட ரொட்டி சந்தை விலையினும் மிகக் குறைந்த விலைக்கு, அதுவும் பின்னர்த் தரலாம் என்னும் தவணையில், ஏழைகளுக்கு வழங்கப்பட்டது. இதுவே வையர்புஷ் ரொட்டிச் சங்கம் எனப்படுவது. விதைத் தானியமும் விதைக் கிழங்கும் இவ்வாறே தரப்பட்டன.

ரைபைசன் தொடங்கிய முதற் கூட்டுறவுச் சங்கம் இதுவே என்று சிலர் எழுதுவதுண்டு. அது பொருந்தாது. கொடுத்தவர் செல்வர், பெற்றவர் ஏழையர். இருவருக்கும் இடையே நின்றவர் ரைபைசன். அது தூய ஈகை. ஆயினும் இவ்வீகையில் அவர் ஒன்றைக் கண்டார். கடனாகப் பெற்ற ஏழைகள் அறுவடை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தனர். ஏழையை நம்பலாம் என்பது அந்தக் குளிர்காலம் அவருக்குக் கற்பித்த பாடம்.

மாடும் வட்டியும்

1848ஆம் ஆண்டு அவர் அடுத்துள்ள பிளாமர்ஸ்பெல்ட் வட்டாரத்துக்கு மாற்றப்பட்டார். அங்குப் பசி கொடுமையினும் கடன் கொடுமை மிகுதி. பண்ணைக் கடமைகளிலிருந்து உழவர்கள் விடுதலை பெற்றிருந்தனர். ஆனால் அவ்விடுதலைக்கு ஈடாகச் செலுத்த வேண்டிய பணமும், துண்டு துண்டாகிப்போன நிலமும் அவர்களை வட்டிக்காரரின் வாயிலுக்கு இழுத்தன.

மாட்டுக் கடன் அவற்றுள் மிகக் கொடியது. நம் ஊர்ப்புறங்களில் மாட்டை வாரத்துக்கு விடும் வழக்கம் உண்டு. அதனைப் போன்றதே அது. ஆனால் இரக்கம் அற்றது. வணிகர் மாட்டை உழவனின் கொட்டிலில் கட்டுவார். தீனி போடுவது உழவன், மாடு வணிகருடையது. கன்று ஈன்றால் அதில் வணிகருக்குப் பங்கு. கொழுத்த மாட்டை எப்போது வேண்டுமானாலும் ஓட்டிச் சென்று, மெலிந்த மாட்டைக் கட்டிவிட்டுப் போகலாம். மாடு இல்லாவிட்டால் ஏரும் இல்லை, எருவும் இல்லை, குழந்தைக்குப் பாலும் இல்லை. எனவே, உழவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

1849ஆம் ஆண்டு இறுதியில் ரைபைசன் அங்கு ஓர் உதவிச் சங்கம் தொடங்கினார். வசதியுள்ள அறுபது பேர் ஒன்று சேர்ந்து, பெறும் கடனுக்குத் தாங்கள் அனைவரும் கூட்டாகப் பொறுப்பு என்று கையொப்பம் இட்டனர். அந்தக் கையொப்பத்தின் வலிமையால் பணம் கிடைத்தது. சங்கம் மாடுகளை வாங்கி ஏழை உழவருக்குக் கொடுத்தது. விலையை ஐந்து ஆண்டுகளில் சிறு தவணைகளாகச் செலுத்தலாம். பின்னர், மாடாகக் கொடுப்பதைவிடப் பணமாகக் கொடுத்து உழவனே தனக்கேற்ற மாட்டைத் தேர்ந்துகொள்ள விடுவது மேல் என்று கண்டு, கடனும் வழங்கியது.

உழவர் விளைத்ததை ரைன் ஆற்றங்கரைச் சந்தைகளுக்குக் கொண்டு செல்ல நல்ல சாலை இல்லை. வையர்புஷ்ஷில் தொடங்கிப் பிளாமர்ஸ்பெல்ட் வழியாக நோய்வீட் நகருக்குச் செல்லும் சாலை அமைய இவர் பெரிதும் பாடுபட்டார். அது இன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பள்ளிகளைச் சீர்ப்படுத்துவதிலும் இவர் காட்டிய ஊக்கம் பெரிது.

ஈகையின் எல்லை

1852ஆம் ஆண்டு நோய்வீட் அருகேயுள்ள ஹெட்டெஸ்டார்ப் வட்டாரத்துக்குத் தலைவரானார். இரண்டு ஆண்டுகள் கழித்து அங்கு ஓர் அறச்சங்கம் நிறுவினார். அதன் நோக்கங்கள் பலவாக இருந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளைப் பேணி வளர்த்தல், சிறையிலிருந்து விடுபட்டவர்க்கு வேலை தேடித் தருதல், ஊர் நூலகம் அமைத்தல், உழவருக்கு மாடு வாங்கித் தருதல், கடன் உதவுதல் ஆகிய அனைத்தையும் அச்சங்கம் மேற்கொண்டது. கிறிஸ்தவ அன்பு ஒன்றே அதற்கு அடிப்படை. செல்வர் தம் பொறுப்பில் பொருள் திரட்டுவர். வறியவர் பயன் பெறுவர்.

தொடக்கத்தில் யாவும் நன்கு நடந்தன. ஆண்டுகள் செல்லச் செல்ல நிலை மாறியது. முதலாண்டில் முகமலர்ந்து கொடுத்தவர்கள் மூன்றாம் ஆண்டில் முணுமுணுத்தனர். பிறருடைய கடனுக்குத் தம் சொத்தைப் பிணையாக வைத்திருப்பது அவர்களுக்கு அச்சம் தந்தது. கிடைத்த பயனோ ஒன்றும் இல்லை. சிலர் விலகினர். குழந்தைப் பேணலும் சிறை மீண்டோர் பணியும் ஒவ்வொன்றாக நின்றன. கடன் வழங்கும் பணி மட்டும் எஞ்சியது. பயன் பெற்ற ஏழைகளோ சங்கத்தை வேற்றார் உடைமையாகவே கருதினர். கூட்டத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. கணக்கைக் கேட்கும் உரிமை இல்லை. சங்கம் கெட்டால் அவர்களுக்கு இழப்பும் இல்லை.

இந்நிலையில் ரைபைசனின் உள்ளத்தில் பெரும் போராட்டம் எழுந்தது. இருப்பவன் இல்லாதவனுக்குக் கொடுப்பதே இறைவனின் கட்டளை என்று நம்பி வளர்ந்தவர் அவர். அந்த அன்பே போதும் என்று பதினைந்து ஆண்டுகள் உழைத்தவர். அது போதாது என்று ஒப்புக்கொள்வது, தம் வாழ்நாள் நம்பிக்கையில் ஒரு பகுதியைத் தாமே பெயர்த்தெடுப்பது போன்றது. இதே காலத்தில், நகரத்துக் கைவினைஞர்களிடையே கடன் சங்கங்களைப் பரப்பி வந்த சுல்ட்சே டெலிட்ஷ் என்னும் நீதிபதி, பிறர் உதவியை நாடாத தன்னுதவியே நிலைக்கும் என்று வலியுறுத்தி வந்தார். ரைபைசன் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டார். நீண்ட தயக்கத்துக்குப் பின், அவர் சொல்வதில் உண்மை உண்டு என்று ஏற்றார்.

1862ஆம் ஆண்டு அன்ஹௌசன் என்னும் ஊரில் புதிய முறையில் கடன் சங்கம் ஒன்று தோன்றியது. 1864ஆம் ஆண்டு ஹெட்டெஸ்டார்ப் அறச்சங்கமே கடன் சங்கமாக மாற்றி அமைக்கப்பட்டது. மாற்றம் ஒரே வரியில் அடங்குவது. கடன் பெற விரும்புபவர் எவரும் சங்கத்தின் உறுப்பினராதல் வேண்டும்; மற்ற உறுப்பினரோடு பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். அந்த ஒரு வரியால், கையேந்தி வந்தவன் கணக்குக் கேட்கும் உரிமையாளன் ஆனான். ஈகை ஒப்புரவாயிற்று.

சங்கத்தின் அமைப்பு

அவர் வகுத்த முறை எளியது. ஆயினும் அதன் ஒவ்வோர் உறுப்பும் ஆழ்ந்து எண்ணி அமைத்தது.

முதலாவதாக, ஒரு சங்கம் ஓர் ஊருக்கு, அல்லது ஒரு தேவாலய வட்டத்துக்கு மட்டுமே உரியது. யார் உழைப்பாளி, யார் குடிகாரன், யார் வாக்குத் தவறாதவன் என்று ஒருவரையொருவர் அறிந்த மக்களிடையேதான் நாணயத்தைப் பிணையாகக் கொள்ள முடியும். நகரத்து வங்கி நிலப் பத்திரத்தைக் கேட்கும். ஊர்ச் சங்கம் மனிதனைப் பார்க்கும்.

இரண்டாவதாக, உறுப்பினர் பொறுப்புக்கு வரம்பு இல்லை. சங்கத்தின் கடனுக்கு ஒவ்வொருவரும் தம் சொத்து முழுவதையும் கொண்டு பொறுப்பேற்றனர். கேட்பதற்கு அச்சம் தரும் விதிதான். ஆனால் தனித்து நின்றால் நூறு ரூபாயும் பெற இயலாத ஏழை, ஐம்பது பேரோடு கைகோத்து நின்றால் வெளியார் நம்பிப் பணம் தருவர். அன்றியும், பக்கத்து வீட்டுக்காரன் மாடு வாங்கவென்று பெற்ற கடனில் மாடு வாங்கினானா, மதுக்கடைக்குப் போனானா என்பதை ஊரே கண்காணிக்கும். ஏனெனில் அவன் தவறினால் ஊரே கட்ட வேண்டும்.

மூன்றாவதாக, சங்கம் கடன் கொடுப்பதோடு சேமிப்பையும் ஏற்றது. முட்டை விற்ற காசு, பால் விற்ற காசு, பண்ணையாளின் கூலியில் மிஞ்சிய காசு எனச் சிறு சிறு தொகைகள் சங்கத்துக்கு வந்தன. வீட்டுப் பெட்டியில் உறங்கிய பணம் பக்கத்து வயலுக்கு விதையாகச் சென்று, வட்டியோடு திரும்பியது. ஊர்ப்பணம் ஊரிலேயே உழைத்தது.

நான்காவதாக, பயன்தரும் தொழிலுக்கே கடன். அது விளைச்சலின் போக்கையொட்டி நீண்ட தவணையில் திருப்பப்படும். ஐந்தாவதாக, நிர்வாகக் குழுவினர் ஊதியம் பெறலாகாது. கணக்கர் ஒருவருக்கு மட்டும் சிறு ஊதியம் உண்டு. ஆறாவதாக, இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. அது பிரிக்க இயலாத பொது நிதியாகச் சேர்ந்துகொண்டே இருக்கும். இன்றைய உறுப்பினர் விட்டுச் செல்வதை நாளைய தலைமுறை துய்க்கும்.

இவ்வமைப்பில் பழைய அறம் மறைந்துபோகவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். நிலமும் வீடும் உடையவர், ஏதுமற்றவரோடு சேர்ந்து வரம்பில்லாப் பொறுப்பேற்றார், ஊதியமின்றி உழைத்தார், இலாபம் வேண்டாம் என்றார். ரைபைசன் தம் கிறிஸ்தவ அன்பை விட்டுவிடவில்லை. பெறுபவனும் பங்கு கொள்ளும் இடத்தில் அதனைக் கொண்டு வைத்தார்.

இருளிடையே உழைப்பு

சங்கம் வளரத் தொடங்கிய நாட்களில் அவர் இல்லம் இருண்டது. ஏழு மக்களைப் பெற்று, மூவரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்த எமிலி அம்மையார் 1863ஆம் ஆண்டு மறைந்தார். கொள்ளைக் காய்ச்சல் ரைபைசனையும் தாக்கி உடலை உருக்கியது. பழைய கண்நோயும் முற்றியது. 1865ஆம் ஆண்டு, 47ஆம் வயதில், சிறு ஓய்வூதியத்தோடு அரசுப் பணியிலிருந்து விலக்கப்பட்டார். குடும்பத்தைக் காக்கச் சுருட்டுத் தொழில் ஒன்றை நடத்திப் பார்த்தார். பின்னர்த் திராட்சை மது வணிகத்தில் ஈடுபட்டார். ஊரெங்கும் கடன் தீர்த்து வைத்தவர் தம் வீட்டுச் செலவுக்கு வழி தேட வேண்டியிருந்தது.

கண்ணொளி மங்கிய தந்தைக்கு மூத்த மகள் அமாலியா கண்ணாக நின்றார். தந்தை சொல்லச் சொல்ல மகள் எழுதினார். கடிதங்கள், கணக்குகள், விதிமுறைகள் யாவும் அவர் கையெழுத்தில் உருப்பெற்றன. கடன் சங்கங்களைப் பற்றிய ரைபைசனின் புகழ்பெற்ற நூல் 1866ஆம் ஆண்டு வெளிவந்தது. தம் வெற்றிகளோடு தாம் கண்ட தடைகளையும் அதில் கூறி, சங்கம் தொடங்கும் முறையைப் படிப்படியாக விளக்கினார். அதனைப் படித்த பாதிரிமாரும் பள்ளி ஆசிரியரும் தத்தம் ஊர்களில் சங்கம் கண்டனர். அமாலியா மணம் செய்துகொள்ளாமலே தந்தையின் பணியில் வாழ்வைக் கழித்தார். ரைபைசனின் சிலைகளைப் போற்றுவோர், அவற்றின் நிழலில் மறைந்திருக்கும் இம்மகளையும் நினைத்தல் கடன்.

எதிர்ப்பும் குறையும்

தனித்தனிச் சங்கங்களுக்குச் சில வேளை பணம் மிஞ்சும். சில வேளை பற்றாக்குறை நேரும். மிஞ்சும் ஊரிலிருந்து பற்றாத ஊருக்குப் பணம் செல்ல ஒரு மைய வங்கி வேண்டும் என்று ரைபைசன் கண்டார். 1872ஆம் ஆண்டு நோய்வீட்டில் அத்தகைய வங்கியை நிறுவினார். இங்கே, முன்பு வழிகாட்டிய சுல்ட்சே டெலிட்ஷே எதிர்த்து நின்றார். உறுப்பினரிடம் பங்குத்தொகை பெறாமல் சங்கம் நடத்துவதும், குறுகிய காலத்துக்கு வாங்கிய பணத்தை நீண்ட காலத்துக்குக் கடன் தருவதும், சங்கங்களே சேர்ந்து வங்கி அமைப்பதும் ஆபத்து என்று அவர் கூறினார். 1876ஆம் ஆண்டு அவ்விவாதம் பாராளுமன்றம் வரை சென்றது. ரைபைசன் தம் மைய வங்கியைக் கலைக்க நேர்ந்தது. அவர் சோர்ந்து அமரவில்லை. அதே ஆண்டில் சட்டத்துக்கு இயைந்த வேறு வடிவில் மையக் கடன் நிதியை அமைத்தார். மறு ஆண்டு சங்கங்களை இணைக்கும் பேரவையும் உருவாயிற்று.

இவ்விடத்தில் ஒரு குறையையும் மறையாது கூறுதல் நேர்மை. வட்டிக் கொடுமையைக் கண்டித்த ரைபைசன், அக்குற்றத்தை யூத இனத்தார் அனைவர் மேலும் சுமத்தும் அக்காலத்துத் தீய வழக்கத்துக்குத் தாமும் ஆளானார். அவருடைய பிற்கால எழுத்துகளில் அதன் கறை உண்டு. அண்டை வீட்டாரிடம் அன்பு செலுத்தச் சொன்னவர்க்கு அது களங்கமே. ஆனால் அவர் கண்ட முறை அவரினும் பெரிதாக இருந்தது. 1883ஆம் ஆண்டு இத்தாலியில், பதுவா நகருக்கு அருகேயுள்ள லொரேஜியா என்னும் ஊரில், இம்முறையைத் தழுவி முதல் ஊரக வங்கியைத் தொடங்கிய லியோனே வொல்லெம்போர்க் ஒரு யூதரே.

மறைவும் புகழும்

1888ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் ரைபைசன் காலமானார். எழுபதாண்டு நிறைவுக்கு இன்னும் 19 நாட்களே இருந்தன. அப்போது அவர் வழியில் நானூறுக்கு மேற்பட்ட சங்கங்கள் இயங்கின. பின்னர் அவை ஆயிரக்கணக்கில் பெருகின. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் நெதர்லாந்திலும் அவர் வழியில் தோன்றிய வங்கிகள் பெருநிறுவனங்களாக வளர்ந்தன. கூட்டுறவுச் சிந்தனையும் அதன் நடைமுறையும் 2016ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் பெற்றன.

அவர் புகழ் நம் தமிழகத்தை எட்டிய வரலாறு தனிச் சிறப்புடையது. உழவர் கடனைத் தீர்க்க வழி காணுமாறு சென்னை அரசாங்கம் 1892ஆம் ஆண்டு பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரியைப் பணித்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் பணியாற்றி, அம்மாவட்டத்தைப் பற்றி விரிவான நூல் இயற்றியவர் அவர். ஐரோப்பிய நாடுகளின் கடன் சங்கங்களை ஆராய்ந்து, 1895ஆம் ஆண்டும் 1897ஆம் ஆண்டும் இரு பெருந்தொகுதிகளாக அவர் அறிக்கை அளித்தார். அத்தனை பக்கங்களின் முடிவும் ஒன்றே. இந்நாட்டு உழவருக்கும் ஒரு ரைபைசனைத் தேடிக் கண்டடைய வேண்டும் என்பதே அது. அதன் பயனாகவும் பிற ஆய்வுகளின் பயனாகவும் 1904ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. ஊர்ப்புறச் சங்கங்களுக்கு ரைபைசனின் வரம்பில்லாப் பொறுப்பையே அது விதித்தது. அவ்வாண்டிலேயே, அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவு பெற்றது. வடக்கே ராஞ்சியில், ஹாப்மன் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1909ஆம் ஆண்டு சோட்டாநாகபுரிப் பழங்குடி மக்களுக்காக இம்முறையில் கடன் சங்கம் நிறுவினார்.

நமக்கு ஒரு பாடம்

சம்பளம் கையில் வழங்கப்பட்ட காலத்தில், சம்பள நாளன்று வாயிலில் வட்டிக்காரர் நின்ற காட்சியை நம் காலனிப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. அப்பிடியிலிருந்து பல குடும்பங்களை மீட்டது தொழிலாளர் கடன் சங்கமும், உடன் பணிபுரிவோர் நம்பிக்கையோடு இட்ட ஜாமீன் கையொப்பமுமே ஆகும். ஜாமீன் கையொப்பம் இடுகையில் நாம் அறிந்தோ அறியாமலோ பிளாமர்ஸ்பெல்ட்டின் அறுபது பேரைப் பின்பற்றுகிறோம். அக்கையொப்பத்தைப் பெற்றவர் தவணை தவறாமல் இருப்பது சட்டக் கடமை மட்டும் அன்று. ஒருவர் வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் நன்றி.

ஆண்டுதோறும் நம் தமிழ்ச் சங்கத்திலும் துன்புற்ற குடும்பங்களுக்கு நன்கொடை திரட்டி உதவுகிறோம். அது நற்பணியே. ஆயினும் உதவி பெற்ற குடும்பத்தினர், அடுத்த ஆண்டு விழாவில் முன்வரிசையில் அமரக் கூசிப் பின்னே ஒதுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். கொடுத்த நம் கையில் குற்றம் இல்லை. பெற்றவர் மனத்திலும் குற்றம் இல்லை. குறை முறையில் உள்ளது. எல்லாக் குடும்பமும் மாதந்தோறும் இயன்ற சிறு தொகையை இட்டு, தேவை நேர்ந்தபோது எவரும் உரிமையோடு பெற்று, பின்னர்த் திருப்பிச் செலுத்தும் ஒரு பொது நிதி நம் சங்கத்தில் அமையுமானால், பெறுபவரும் தருபவரே ஆவர். எவரும் பின்வரிசைக்கு ஒதுங்க வேண்டுவதில்லை. பெரியோர்களும் தாய்மார்களும் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

செல்வமும் இல்லாமல், உயர்கல்வியும் இல்லாமல், இறுதியில் கண்ணொளியும் இல்லாமல், ஊராரின் நாணயம் ஒன்றையே முதலாகக் கொண்டு இத்துணையும் செய்தார் ரைபைசன். அந்த முதல் நம்மிடமும் உண்டு. ஒப்புரவு ஓங்குக! நம் சங்கம் வளர்க!